கைக்குப் பொருந்துகிற ரிவோல்வர்

ஒஸ்லோவில் இருக்கிற அக்காவின் மகன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, பேப்பருக்குச் சுடுறதுக்கு எந்த ரிவோல்வர் நல்லது?" அங்கே ஒரு சூட்டுக் கழகத்தில் சேர்ந்து பயிற்சி எல்லாம் முடித்துவிட்டானாம். இனிச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டுமாம். பின்னால் நின்ற அக்கா, "துவக்குச் சத்தம் வேண்டாம் எண்டுதானே ஓடி வந்தனாங்கள், இப்ப காசு குடுத்து வாங்கப் போறியளோ?" என்று கத்தியது எனக்கு வடிவாகக் கேட்டது.

அவனுக்கு ஒரு வரியில் மறுமொழி சொல்லலாம். நல்ல ரிவோல்வர் என்று ஒன்று இல்லை, உன்ரை கைக்கு நல்லது என்றுதான் உண்டு. அக்காவுக்கு அப்படி ஒரு வரியில் சொல்ல வராது. அவ கேட்டது ஞாயமான கேள்வி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தலைமுறைக்குத் துவக்கு புதினமான சாமான் இல்லை. நான் பிறந்தது 1980இல், வலிகாமத்தில். ஏழு வயதில் இந்திய ஆமி. பத்து வயதுக்குப் பிறகு பெடியளின் காலம். 1995 ஒக்ரோபர் 30 இரவு முழு வலிகாமமும் நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. திரும்பி வந்தால் சந்திக்குச் சந்தி சென்றி. எந்தச் சத்தம் எந்தத் துவக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லுவார்கள். ஆனால் நாங்கள் அறிந்தது எல்லாம் துவக்கின் வாய்ப்பக்கம். பின்பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எங்களில் கனபேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைப்பற்றிக் கதைக்க மாட்டார்கள்.

ரிவோல்வர் அதிலும் குறைவு. அதைப் படத்தில்தான் கண்டது. ஜெய்சங்கர் இடுப்பிலே வைத்துச் சுட்டால் எங்கேயோ தள்ளி நிற்கிற வில்லன் விழுவான். உண்மையில் நடந்த கதையைப் பாருங்கள். 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரை அவருடைய ராமாவரம் வீட்டில் வைத்துக் கிட்ட நின்று ரிவோல்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. நினைத்த இடத்தில் அடிக்க மிகவும் கஷ்டமான துவக்கு கைத்துவக்குத்தான். தோளில் அண்டுவதற்குக் கட்டை இல்லை. மணிக்கட்டு ஒரே ஒரு பாகை திரும்பினால் 25 மீற்றருக்கு அங்கே 44 சென்றிமீற்றர் விலகிப் போகும். படிப்பைப் பாதியில் விட்ட பௌதிகவியல் மாணவன் எனக்கு அந்தக் கணக்குத்தான் முதலில் பிடித்தது.

கம்பஸ் படிப்பு 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினதோடு நின்றது. 2007இல் மொன்றியல் வந்து கோப்பை கழுவத் தொடங்கினேன். இப்போது இல்-பிசாரில் ஒரு உணவகத்தில் சமைக்கிறேன். இல்-பிசார் மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. சில கோல்ப் மைதானங்கள், மிச்சத்தில் காடும் சதுப்பும் வசதியான ஆட்களின் வீடுகளும். அங்கே கிழமைக்கு ஒருதரம் சாப்பிட வருகிற ஒரு கியூபெக் கிழவர், இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நான் கத்தி தீட்டுவதைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கி, 2015இல் ஒரு ஞாயிறு தன்னுடைய கழகத்துக்கு விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனார். கழகம் தீவில் இல்லை, பாலம் கடந்து போகவேண்டும்.

.22 ரிவோல்வர் ஒன்றைக் கையில் தந்து, பக்கத்தில் நின்றுகொண்டு, ஐந்து வெடி வைக்கச் சொன்னார். வைத்தேன். வெடித்த பிறகு ஒருவரும் ஓடவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எல்லோரும் துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பேப்பரில் ஓட்டை எண்ணினார்கள். அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள மறுமொழி அவ்வளவுதான்.

என் மனிசிக்கு அது மறுமொழி இல்லை. கனடாவில் கைத்துவக்கு லைசன்ஸ் விண்ணப்பத்தில் மனைவியோ கணவனோ கையெழுத்து வைக்க ஒரு இடம் இருக்கிறது. வைக்காவிட்டால் அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். அவளுடைய பெரியப்பாவை 2006இல் கடை வாசலில் வைத்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டார்கள். பேப்பரில் "இனந்தெரியாத ஆயுததாரிகள்" என்று நாலு வரி வந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பேப்பரில் ஒவ்வொரு நாளும் வந்த நாலு வரி. அந்த விண்ணப்பம் மூன்று கிழமை குசினி மேசையில் கிடந்தது. ஒருநாள் வேலையால் வர, "அந்தச் சாமான் மேல்வீட்டுக்கு வரப்படாது, என்ரை கண்ணிலையும் படப்படாது" என்று சொல்லிக் கையெழுத்து வைத்துத் தந்தாள். அது நிலவறையில் பெட்டகத்துக்குள், விசைக்குப் பூட்டுப் போட்டு இருக்கிறது. ரவை வேறு பெட்டியில், அதுக்கும் பூட்டு. சட்டமும் ஏறத்தாழ அதைத்தான் கேட்கிறது. இன்றுவரை அவள் அதைக் கண்டதில்லை.

இந்த நகரத்துக்கும் அவளைப் போலத் தன் காரணங்கள் உண்டு. 1989 டிசெம்பர் 6 பொலிரெக்னிக்கில் 14 பெண்கள், 1992இல் கொன்கோர்டியாவில் நாலு பேராசிரியர்கள், 2006 செப்ரெம்பர் 13 டோசன் கல்லூரியில் 18 வயதான அனஸ்தாசியா டி சூசா. அந்தப் பிள்ளையின் பெயரால் அழைக்கப்படுகிற கியூபெக் சட்டம் 2007இல் நிறைவேறியது. அதனால் மற்ற மாகாணங்களில் இல்லாத ஒரு மேலதிகச் சோதனை இங்கே எழுதவேண்டும், கழகத்தில் அங்கத்தவராகவும் இருக்கவேண்டும். பெடரல் பாடநெறி, 28 நாள் காத்திருப்பு எல்லாம் வேறு. கொண்டுபோகும்போது பூட்டின பெட்டியில் நியாயமான நேர்வழியால் போய் வரவேண்டும். வழியில் தமிழ்க்கடையில் கறிவேப்பிலை வாங்க நிற்க ஏலாது. ஒன்றுக்கும் நான் குறை சொல்லமாட்டேன். தனக்குப் பாதுகாப்புக்கு வாங்கலாமோ என்று கேட்கிற எங்கடை ஆட்களுக்கு: அந்த எண்ணம் இருந்தால் இதை இதோடு வாசிப்பதை நிற்பாட்டுங்கள். நான் கதைப்பது பேப்பரைப் பற்றி.

இனி மருமகனுக்கு.

கிழவர் எனக்கு ஒருநாளும் "இதை வாங்கு" என்று சொன்னதில்லை. தன்னுடையதையும் கழகத்தில் மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கத் தந்தார். முதலில் கோல்ட் பைதன். 1955இல் வந்தது, நீலம் பூசிய குளம் மாதிரிப் பளபளப்பு, பார்க்கிறவன் எல்லாம் மயங்கிற சாமான். நானும் மயங்கினேன். ஆனால் விசையில் விரல் வைத்தபோது சுட்டுவிரலின் நுனி மாத்திரம்தான் தொட்டது. நான் ஐந்தடி ஐந்து அங்குலம், குசினியில் கையுறைப் பெட்டியில் எனக்குச் சின்ன அளவு. அந்த மரக் கைபிடி பெரிய வெள்ளைக்காரக் கைக்குச் செய்தது. நுனியால் இழுத்தால் துவக்கு இடது பக்கம் தள்ளுப்படும். அன்று என்னுடைய வெடிகள் எல்லாம் கறுப்பு வட்டத்தின் இடது கரையில் போய்க் குந்தின.

பார்க்கவேண்டிய முதல் விஷயம் அதுதான். குழல் முழங்கைக்கு நேரே வருகிறமாதிரி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள கவட்டில் கைபிடியின் முதுகை இருத்திப் பிடி. அப்படிப் பிடித்தபடியே விரலை நீட்டினால் சுட்டுவிரலின் முதல் சதையின் நடு விசையில் பட வேண்டும். எட்டவில்லை என்று கையைப் பக்கத்துக்குத் திருப்பிப் பிடித்தால் அந்த ரிவோல்வர் உனக்கு இல்லை, அல்லது அந்தக் கைபிடி உனக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு. கைபிடியை மாற்றலாம், இரும்பை மாற்ற ஏலாது. ஸ்மித் அன்ட் வெஸனில் கே என்று சொல்கிற நடுத்தரச் சட்டம் எங்கள் கைகளுக்குச் சரிவரும். பெரிய ரவைகளுக்குச் செய்த என் சட்டம் எனக்கு உலக்கை மாதிரி. கே சட்டத்திலும் பழைய "ராகெற்" மரப்பிடி மொத்தமானது, அதைக் கழற்றி மெல்லியதைப் போட்டால் போதும். ரூகர் ஜிபி100இல் கைபிடிக்கு உள்ளே இருப்பது ஒரு ஒடுங்கின முளை மாத்திரம். அதனால் அதன்மேல் சின்னதும் போடலாம், பெரியதும் போடலாம். சின்னக் கைக்காரர் அதை மறக்கக்கூடாது.

அடுத்தது விசை. ரிவோல்வரை இரண்டு விதமாகச் சுடலாம். குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது ஒன்று. (ஊரில் இடியன் துவக்கு வைத்திருந்த கிழவர்கள் குதிரை என்றுதான் சொல்லுவார்கள், எனக்கும் வேறு சொல் வராது.) விசையை இழுக்க இழுக்கக் குதிரை தானே எழும்பி விழுகிறது மற்றது. முதலாவதில் விசைக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ பாரம் போதும். இரண்டாவதில் நாலரை, ஐந்து கிலோ வரும், விசையும் தூர நிற்கும். கடையில் குதிரையை இழுத்துவிட்டு ஒருதரம் விசையைத் தொட்டு "ஆகா, என்ன மெது" என்று காசை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குதிரை ஏற்றாமலும் இழுத்துப் பார்க்கவேண்டும். பழைய கோல்ட்டில் இழுவை கடைசியில் இறுகிக்கொண்டு போகும், ஸ்மித்தில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரேமாதிரிப் போகும். சிலருக்கு அந்தக் கடைசி இறுக்கம் பிடிக்கும், வெடிக்கப்போகிற நேரம் தெரியும் என்பார்கள். எனக்குப் பிடிக்காது.

குழலின் நீளத்துக்கு வருகிறேன். நீளக் குழலால் ரவை நேராகப் போகிறது என்று நினைக்கிறார்கள். அதல்ல. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம்தான் விஷயம். ஆறு அங்குலக் குழல் ரிவோல்வரில் அது ஏறத்தாழ 19 சென்றிமீற்றர். குறி பார்க்கும்போது முன்குறி அரை மில்லிமீற்றர் ஒரு பக்கம் சாய்ந்தால், 25 மீற்றரில் ரவை 66 மில்லிமீற்றர் விலகும். சர்வதேச 25 மீற்றர் அட்டையில் பத்தாம் வட்டத்தின் அகலம் 50 மில்லிமீற்றர். ஆகவே அந்த வெடி எட்டில் விழும். நாலு அங்குலக் குழலில் இரண்டு குறிக்கும் இடையில் 14.5 சென்றிமீற்றர்தான். அதே அரை மில்லிமீற்றர் அங்கே 86 மில்லிமீற்றராகி ஏழில் விழும். கை ஒன்று, பிழை ஒன்று, புள்ளி வேறு. அதோடு கனடாவில் 105 மில்லிமீற்றருக்கு மேற்படாத குழல் எல்லாம் 1995 சட்டத்தால் தடை. நாலு அங்குலம் என்றால் 101.6 மில்லிமீற்றர், அதுவும் தடை. இதற்காகவே ரூகர்காரர் 4.2 அங்குலக் குழல் செய்தார்கள். அவுஸ்திரேலியாவில் 2002 மொனாஷ் பல்கலைக்கழகச் சூட்டுக்குப் பிறகு ரிவோல்வர் குழல் 100 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று வந்தது. உன் நாட்டுச் சட்டத்தை நீ பார்த்துக்கொள்.

ஆனால் நீளம் கூடினால் பாரம் கூடும். ஆறு அங்குல கே-38 ஒரு கிலோ நூறு கிராம் வரும். பைதனும் ஜிபி100உம் அதைவிடக் கூட. பாரம் உதைப்பைக் குடிக்கும், குறியை அலையவிடாது, ஆனால் ஐம்பதாவது வெடிக்குப் பிறகு தோளைத் தின்னும். ஆகவே கடையில் ஒரு நிமிசம் தூக்கிப் பார்த்துச் சொல்ல ஏலாது. நீட்டிய கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிசம், இறக்கி ஒரு நிமிசம், அப்படிப் பத்துத் தரம் செய்துபார். நான் சனி இரவு தாச்சி பிடித்த கையோடு ஞாயிறு காலமை சுடப் போவதில்லை. மணிக்கட்டு அடுத்தநாள்வரை நடுங்கும். 

குசினியையும் துவக்கையும் நான் மட்டும் சேர்த்துக் கதைக்கவில்லை. 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல்தரம் 25 மீற்றர் பிஸ்டல் போட்டி வைத்தபோது தங்கம் எடுத்த லிண்டா தொம், பாரிசில் கோர்டோன் புளூவில் சமையல் படித்து ஒட்டாவாவில் சமையல் பள்ளி நடத்தியவர். 1968க்குப் பிறகு கோடைகால ஒலிம்பிக்கில் கனடாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் சுட்டது ரிவோல்வர் இல்லை, .22 பிஸ்டல். இருந்தாலும் எங்கள் தொழில்காரர் ஒருவர் என்று எனக்கு ஒரு புளுகம். இன்னொருவர் ஹங்கேரியின் கரோலி தகாஸ். ஆமிக்காரர். 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை போய்விட்டது. இடது கையால் முதலிலிருந்து பழகி 1948இலும் 1952இலும் தங்கம் எடுத்தார். எங்கள் ஊர்ப் பெடியளில் எத்தனையோ பேருக்கு ஒரு கைதான் மிச்சம். தகாஸின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களைத்தான் நினைப்பேன். அவர்களில் ஒருவரும் இனித் துவக்கைத் தொட விரும்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். மருமகனுக்கு இருபத்தாறு வயது, அவனுக்கு இது விளங்காது. நாற்பது தாண்டினவர்களுக்கு வெள்ளெழுத்து வரும். முன்குறி மங்கும், தூரத்துப் பேப்பர் வடிவாகத் தெரியும். சுடுவதற்குத் தேவை நேர்மாறானது, முன்குறி கூர்மையாகவும் பேப்பர் மங்கலாகவும் தெரியவேண்டும். சரிசெய்யக்கூடிய பின்குறியும், சதுரமாக வெட்டின மொத்தமான கறுப்பு முன்குறியும் உள்ளதைத் தேடு. என் வயதுக்காரர் கண் வைத்தியரிடம் போய் நீட்டிய கையின் தூரத்துக்கு என்று சொல்லி ஒரு கண்ணாடி செய்வித்தால், புது ரிவோல்வர் வாங்கின மாதிரி இருக்கும்.

எந்த ரவை? .22இல் தொடங்கு. உதைப்பு இல்லை, மலிவு, பிழை துவக்கில் இல்லை என்பது உடனே விளங்கும். பிறகு .38 ஸ்பெசல். அதில் பேப்பருக்கென்றே செய்த ரவை ஒன்று உண்டு, 148 கிரெயின், மூக்கு இல்லாத தட்டை ஈயம், மெதுவாகப் போகும். கூர் ரவை பேப்பரைக் கிழிக்கும், இது அச்சுக் குத்தின மாதிரி வட்டமாக வெட்டும். ஓட்டையின் விளிம்பு மேல்வட்டக் கோட்டைத் தொட்டால் மேல்புள்ளி என்பதால் அந்தச் சுத்தமான வெட்டு காசு பெறும். .357 மக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெசலையும் சுடலாம், மறுவளமாக ஏலாது. பேப்பருக்கு மக்னம் தேவையில்லை. சத்தத்துக்கு ஆசைப்பட்டு மக்னத்தில் தொடங்கினவர்கள் வெடிக்க முதலே கண்ணை மூடப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைக் கழற்ற வருசக்கணக்கு எடுக்கும். எங்களைப் போலச் சத்தத்துக்குப் படுக்கப் பழகின உடம்புகளுக்கு இன்னும் கூட எடுக்கும். நான் எத்தனையோ மாதம் .22இலேயே நின்றேன்.

நான் கடைசியில் 2018இல் வாங்கினது பழைய ஸ்மித் அன்ட் வெஸன் மொடல் 14, ஆறு அங்குலம். கே-38 என்றும் சொல்வார்கள். நீலம் தேய்ந்து விளிம்பெல்லாம் வெள்ளி தெரிந்தது, அதனால் விலை குறைவு. பழையது வாங்கினால் பூச்சைப் பார்க்காதே. முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் வெறுமையா என்று பார், பிறகு இன்னொருதரம் பார். உரியவரிடம் கேட்டுக்கொண்டு குதிரையை மெதுவாக ஏற்று. குதிரை ஏறி நிற்க முதலே சிலிண்டர் பூட்டுப்பட்டு நிற்கவேண்டும். குதிரை நின்றபிறகும் கையால் சிலிண்டரைத் திருப்பி மிச்சத்தை நகர்த்தக்கூடியதாக இருந்தால் வேண்டாம். ஏற்றின குதிரையைப் பெருவிரலால் முன்னுக்குத் தள்ளினால் விழக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான நீக்கல் 0.1 மில்லிமீற்றரிலிருந்து 0.25 வரை இருக்கலாம், மோட்டார் திருத்துகிறவர்கள் வைத்திருக்கிற தகட்டு அளவுகோலால் அளக்கலாம். குழலின் பின்வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று லைற் அடித்துப் பார்.

இந்தத் தீவுக்குப் பெயர் தந்த ஜாக் பிசார் ஒரு சுவிஸ் இராணுவ அதிகாரி. 1678இல் அவருக்கு இந்தத் தீவு கிடைத்தது. அவருடைய நாட்டில் சுவிஸ் குடியுரிமை எடுத்த எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அனுமதி எடுத்து ரிவோல்வர் வாங்கலாம், இலங்கைக் குடியுரிமையோடு இருக்கிறவர்களுக்கு ஏலாது. நோர்வேயில் மருமகன் வாங்கலாம். இங்கிலாந்தில் 1996 டன்பிளேன் பள்ளிக்கூடப் படுகொலைக்குப் பிறகு 1997இல் கைத்துவக்கே இல்லாமல் போனது. அங்கத்தைய ஒலிம்பிக் பிஸ்டல்காரரே வெளிநாட்டில் போய்ப் பழகவேண்டி வந்தது. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாள் கைத்துவக்கு வாங்கவோ இன்னொரு தனியாளுக்கு விற்கவோ கொடுக்கவோ முடியாது. 2023 டிசெம்பரில் அது சட்டமாகவே வந்துவிட்டது. ஒலிம்பிக் வகைப் போட்டிக்காரருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஒலிம்பிக்கில் இப்போது ரிவோல்வர் இல்லை. அறிவித்ததற்கும் அமுலுக்கு வந்ததற்கும் இடையில் கடைகளில் சனம் நின்ற நிலையை நான் கண்டேன். கைக்குப் பொருந்துதோ என்று ஒருவரும் பார்க்கவில்லை, கிடைத்ததை வாங்கினார்கள்.

இந்தத் தடை சரியோ பிழையோ என்று கேட்டால், களவாக வருகிற துவக்கை இது தொடாது என்று கழகத்தில் சொல்வதும் எனக்கு விளங்கும், மனிசி "நல்லது" என்று ஒரு சொல்லில் முடித்ததும் விளங்கும். நான் அவள் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஏற்கவில்லை. கிழவர் 2024இல் காலமானார். அந்தப் பைதனில் அவருடைய பேத்தி பதினெட்டு வயதிலிருந்து அவர் பக்கத்தில் நின்று பழகினவள். கை நீளமான பிள்ளை. எனக்கு எட்டாத அந்த விசை அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. லைசன்சும் வைத்திருக்கிறாள். இருந்தும் அவளுக்குப் போக வழியில்லை. வியாபாரிக்குக் கொடுக்கலாம், பொலிசில் ஒப்படைக்கலாம், வெடிக்காதபடி செயலிழக்கச் செய்யலாம். குடும்பம் மூன்றாவதைச் செய்தது. அதே லைசன்ஸ், அதே கழகம், அதே பெட்டகம், ஆள் மட்டும் மாறக்கூடாது என்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று சட்டம் எழுதினவர்கள்தான் சொல்லவேண்டும்.

ஆக, கனடாவில் உள்ளவர்கள் தேடுகிற கட்டம் முடிந்தது, இருக்கிறதைக் கைக்குப் பொருத்துகிற கட்டம்தான் மிச்சம். கைபிடி மாற்றலாம், குறியைச் சரிசெய்யலாம். அதோடு ரிவோல்வருக்கே உரிய ஒரு வேலை இருக்கிறது. பிஸ்டலில் ரவை இருக்கிற அறை ஒன்றுதான். ரிவோல்வரில் ஆறு. ஆறும் ஒவ்வொன்றாக வந்து ஒரே குழலுக்கு நேரே நிற்கவேண்டும். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஆறும் ஒரேமாதிரி நிற்காது. அதனால் அறைகளுக்கு ஒன்றிலிருந்து ஆறுவரை குறி போட்டு, துவக்கை மணல்மூட்டையில் அண்டி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பேப்பர் என்று வைத்துச் சுட்டுப் பார்க்கவேண்டும். 

போன கோடையில் இரண்டு ஞாயிறு இதற்கே போனது. என்னுடையதில் ஐந்து அறை ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடிக்கிறது. நாலாம் அறை ஒவ்வொரு தரமும் நாலு விரல் இடப்பக்கம் தள்ளி வைக்கிறது. போட்டியில் ஒரு தொடருக்கு ஐந்து வெடிதான். நாலாம் அறையை வெறுமையாக விட்டுச் சுடுகிறேன்.